பொங்கலூரில் வைத்துவிட்டு வந்த டீ

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். டியூப்லைட்டுக்குக் கீழே பீஸை விரித்துப்போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று தேடித் தேடி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அதற்குச் சம்பளம் தருகிறார்கள். டீயிலும் நான் அதையேதான் செய்கிறேன். அதற்கு வீட்டில் திட்டுதான் கிடைக்கிறது.

என் டீ எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி டம்ளரில் இருக்க வேண்டும். பேப்பர் கப்பில் குடித்தால் டீயோடு மெழுகும் சேர்ந்து உள்ளே போகிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. டிகாஷன் தூக்கலாக, பால் சும்மா நிறம் மாற்றுகிற அளவுக்கு, சர்க்கரை பாதி. இஞ்சி தட்டிப் போட்டால் அது சளி மருந்து. ஏலக்காய் போட்டால் அது பாயசத்துக்குத் தம்பி. எல்லாவற்றுக்கும் மேலே, ஏடு படிந்திருக்கக் கூடாது. பால் ஏடு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. உதட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். விழுங்கவும் முடியாது, நாலு பேர் முன்னால் துப்பவும் முடியாது. எங்கள் கம்பெனியில் பதினொரு மணிக்கு டீ கேன் வந்ததும் எல்லோரும் டம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். நான் மட்டும் கையோடு ஒரு ஸ்பூனும் கொண்டுபோவேன். ஏடு எடுக்கிற ஸ்பூன். பீகார்ப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு ஏதோ வயிற்று வியாதி, மருந்து கலக்கிக் குடிக்கிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

டீயோடு என்ன தின்பது என்பதிலும் எனக்குச் சட்டதிட்டம் உண்டு. காரம்தான். எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கொழுந்தனார் ஊருக்குப் போய் வந்தால் காராச்சேவு வரும். அதை வாயில் போட்டு, உறைப்பு ஏறுகிற நேரம் பார்த்து ஒரு வாய் டீ குடித்தால் அன்றைக்கு எந்த வெளிநாட்டு பையர் வந்து எந்த லாட்டை ரிஜெக்ட் பண்ணினாலும் எனக்குக் கவலையில்லை. சேவு இல்லாத நாளில் பேக்கரி வர்க்கி. வர்க்கியை முழுசாக முக்கக் கூடாது, ஓரத்தை மட்டும் நனைத்து உடனே எடுத்துவிட வேண்டும். இதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் வர்க்கி உடைந்து டம்ளருக்குள் விழுந்ததும் உண்டு. இனிப்புக்கு டீயோடு சேர அனுமதி இல்லை. இனிப்பைத் தின்றுவிட்டு டீ குடித்தால் டீ வெறும் சுடுதண்ணீர்தான். அதனால் தேங்காய் பன் தின்பவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். என் மகள் தேங்காய் பன்தான் தின்பாள். அதில் பாதியைப் பிய்த்துத் தின்பது நான்தான் என்பது வேறு விஷயம்.

திருப்பூர் அவிநாசி ரோட்டில் எங்கள் கம்பெனிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் எனக்கென்று ஒரு டீயே உண்டு. மாஸ்டர் அதற்கு 'செக்கிங் அக்கா டீ' என்று பெயர் வைத்திருக்கிறார். மரியாதையில் வைத்த பெயர் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் என்னைத் தெரியாத ஒருவர் டீயைத் திருப்பிக் கொடுத்துச் சர்க்கரை கம்மி பண்ணச் சொன்னபோது, இங்கே ஏற்கெனவே ஒரு செக்கிங் அக்கா இருக்கிறார், இன்னொருவரை என்னால் தாங்க முடியாது என்று மாஸ்டர் சொன்னதைக் காதால் கேட்டேன்.

சாயங்காலம் வேலை விட்டதும் நானும் மகளும் அந்தப் பேக்கரியில்தான் சேர்வோம். அவள் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் வாங்கி முடித்துக் கொடுக்கிற வேலை. அவளுக்கு ஒரு டீ, எனக்கு ஒரு செக்கிங் அக்கா டீ, நடுவில் ஒரு தேங்காய் பன். அன்றைய நாளில் நடந்ததையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் பேசி முடிப்போம். அப்படி ஒருநாள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று. அவள் ஆபீசிலேயே குவாலிட்டி பார்க்கிறவன். பொங்கலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்களைப் போலவே அவர்களும் வேதக்காரர்கள், சபையும் ஒன்றுதான். நாங்கள் பிழைக்க வந்த தெற்கத்திக்காரர்கள், அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருப்பவர்கள் என்பதுதான் வித்தியாசம். பையனும் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் டெய்லர். வீட்டில் ஏற்கெனவே ஒரு செக்கர் இருப்பது போதாதா என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

முதலில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் என் கையாலேயே டீ போட்டு, காராச்சேவு வைத்தேன். பையனின் அம்மா அதிகம் பேசாதவர். சேவைத் தொடவில்லை. ஆனால் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்துக்காரர்களுக்கும் நல்ல டீ தெரிகிறது என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கொடுத்ததைத் தொடாமல் வணக்கம் சொல்லி எழுந்துவிடுவார்கள். அந்த வீட்டாரும் புரிந்துகொண்டு, மேற்கொண்டு கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்கள். சில வீடுகளில் சாப்பாட்டுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. சில வீடுகளில் டீ, காப்பிக்கும் உண்டு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு பெண், தன் தங்கைக்கு வந்த ஒரு இடத்தை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று தவித்தபோது, காப்பியைத் தொடாமல் எழுந்திருங்கள், அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று யோசனை சொன்னவளே நான்தான்.

மகள் எங்களோடு வரவில்லை. ஆனால் அவளுக்கு என்னைத் தெரியும். புறப்படும்போது என் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் கிட்டத்தில் வந்தாள்.

"ம்மா, அங்க டீ எப்படி இருந்தாலும் குடிச்சிரும்மா. எனக்காக."

நான் என்ன குழந்தையா என்று கேட்டேன். ஸ்பூனை மட்டும் கைப்பையில் எடுத்துவைத்துக்கொண்டேன். அதையும் அவள் கண்டுபிடித்து வெளியே எடுத்துவைத்துவிட்டாள்.

தாராபுரம் பஸ்ஸில் ஏறி, அவிநாசிபாளையத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் பொங்கலூர் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா காரில் தோட்டத்துக்குப் போனோம். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். சுற்றிலும் தென்னை, பின்னால் மாட்டுக் கொட்டகை. வரவேற்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட இடமில்லை. கொஞ்ச நேரத்தில் கச்சாயமும் டீயும் வந்தன. கச்சாயம் அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துச் சுடுகிற பலகாரம், இந்தப் பக்கத்து விசேஷ வீடுகளில் இல்லாமல் இருக்காது. டீ பெரிய எவர்சில்வர் டம்ளரில் வந்தது. தண்ணீரே விடாமல் கறந்த பாலிலேயே காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டது. வாசத்திலேயே தெரிந்தது. என் கட்டளைகளில் அநேகமாக எல்லாமே மீறப்பட்டிருந்தன. இருந்தாலும் சூடாக இருக்கிறது, ஒரே மூச்சில் குடித்துவிடலாம் என்று டம்ளரைக் கையில் எடுத்தேன். அப்போது மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, ஜெபம் பண்ணிக்கலாமுங்க என்றார்.

அவர் உருக்கமாக ஜெபிக்கிறவர். மழைக்கு நன்றி சொன்னார். எங்கள் பிரயாணத்துக்கு நன்றி சொன்னார். பஸ் டிரைவருக்காக வேண்டிக்கொண்டார். திருப்பூரின் ஏற்றுமதிக்காக வேண்டிக்கொண்டார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் அரைக் கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு அவர் வந்தபோது அது நடுவரைக்கும் பரவிவிட்டது. ஆமென் சொன்னபோது, அரிசிச் சாக்கைப் போல் தடியாக ஒரு ஏடு டம்ளரை மூடிப் படுத்திருந்தது. பசும்பால் அல்லவா, சும்மாவா?

என் வீட்டுக்காரர் மளமளவென்று குடித்து முடித்தார். நான் டம்ளரை வாய்வரை கொண்டுபோனேன். ஏடு உதட்டைத் தொட்டது. எடுத்துவிட்டேன். யாரும் பார்க்காத நேரத்தில் விரலால் ஏட்டை ஒதுக்கிவிட்டுக் குடித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். ஆனால் பார்க்காத நேரம் என்று ஒன்று அந்த வீட்டில் இல்லவே இல்லை. விருந்தாளி அல்லவா, யாராவது ஒருவர் மாற்றி மாற்றி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பலகாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இனிப்பு தின்றால் டீ கெட்டுவிடும் என்ற கொள்கையில் அதையும் எடுக்கவில்லை. அந்த டீ இதற்குமேல் எப்படிக் கெடும் என்று அப்போது எனக்கு யோசனை வரவில்லை பாருங்கள். கடைசியில், ஆறட்டும் என்று சொல்லி டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தேன். மாப்பிள்ளையின் சித்தி கிணற்றைப் பார்க்கக் கூப்பிட்டார். கிணற்றுக்குப் பிறகு மாடு. மாட்டுக்குப் பிறகு புதிதாகக் கட்டுகிற அறை. திரும்பி வந்தபோது கார் வாசலில் நின்றது. எல்லோரும் சிரித்தபடி வழியனுப்பினார்கள். டம்ளர் என் நினைவிலேயே இல்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது, தப்பித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அதன் பிறகு அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. தேதி குறிக்க வருவார்கள் என்று பார்த்தோம், வரவில்லை. பையன் ஆபீசில் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்தச் சம்பந்தத்தை இரண்டு பக்கமும் பேசியவர் அவர்தான். பெண் வீட்டுக்கு இஷ்டமில்லை என்று பையன் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள் என்றார். பையனின் அம்மா அவரிடம் சொன்னாராம், அந்த அம்மா டீயைத் தொடவே இல்லை, நேரில் சொல்லச் சங்கடப்பட்டிருப்பார்கள், பரவாயில்லை என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காங்கயம் பக்கம் வேறு ஒரு பெண்ணைப் பார்க்கப் போகப்போகிறார்கள் என்றும் சொன்னார்.

அன்று வீட்டில் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை.

"குடிக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏடு என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். மகள் வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். மாஸ்டர் வழக்கம்போல் தேங்காய் பன்னை வைத்துவிட்டுப் போனார். டீ என்னவோ எப்போதும்போல் சரியாகத்தான் இருந்தது. குடிக்கத்தான் முடியவில்லை. இந்த ஒரு நாக்கைக் கட்டிக்கொண்டு நான் என் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் போன் பண்ணிப் பேசிவிடலாம் என்றார். டீயைப் போனில் குடிக்க முடியாது என்றேன். ஷிப்மெண்ட் நேரம், லீவு சொன்னதும் மேனேஜர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். வாயில் கோளாறு என்றேன். பொய் இல்லை. தனியாகப் பஸ் ஏறி, பொங்கலூரில் இறங்கி, தோட்டம்வரை வெயிலில் நடந்தேன். கையில் ஒரு பாக்கெட் வர்க்கி.

பையனின் அம்மா வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாங்க என்றார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு வச்சிட்டுப் போன டீயக் குடிக்க வந்திருக்கேங்க" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். நானும் பின்னாலேயே போய் அடுக்களை வாசலில் நின்றேன். பிடிக்காமல் இல்லை, எனக்கு ஏடு ஆகாது, அதைச் சொல்ல வெட்கப்பட்டு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அலமாரியில் கண் போயிற்று. காப்பி பில்டர் இருந்தது, காப்பித்தூள் டப்பா இருந்தது. டீத்தூள் ஒரே ஒரு பாக்கெட். மேல் ஓரத்தைக் கொஞ்சமாக வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அநேகமாக முழுசாக இருந்தது. வீட்டில் டீ போடுவதில்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்க, எங்க ஊட்டுல எல்லாருக்கும் காப்பிதானுங்க. எனக்கு டீ குடிச்சா நெஞ்செரியும். உங்களுக்கு டீதான்னு உங்க பொண்ணு பையங்கிட்டச் சொல்லியிருந்துச்சாமா. அதுதானுங்க பக்கத்துத் தோட்டத்துல கேட்டுட்டு வந்து போட்டேன். சரியா வருல போல."

எங்கள் வீட்டில் கடைசிச் சொட்டுவரை குடித்தாரே என்று கேட்டேன்.

"குடிச்சாத்தானுங்க சம்மதம்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கு ராத்திரி பூரா நெஞ்செரிச்சலுங்க. நீங்களும் ரண்டு வாயாச்சும் குடிப்பீங்கன்னு இந்த வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தனுங்க."

நான் நின்றுகொண்டிருந்த அதே வாசல். நல்ல டீ தெரிந்தவர் என்று நான் ஊரெல்லாம் மெச்சிய மனுஷி, நெஞ்சு எரிய எரிய என் டீயைக் குடித்திருக்கிறார். என் ஏட்டுக் கதையை அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? அன்று ஏதோ யோசனையில் மறந்துபோனேன், எங்களுக்கு முழுச் சம்மதம் என்று மட்டும் சொன்னேன்.

டீ வந்தது. அதே டம்ளர். இந்த முறை ஜெபம் நானே சொன்னேன், மனசுக்குள், ஒரே வரியில். அதற்குள்ளும் ஏடு படிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, முதல் வாயிலேயே ஏட்டை உள்ளே இழுத்து விழுங்கினேன். குமட்டல் வந்தது, அதையும் விழுங்கினேன். டம்ளரைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்களா?"

இத்தனை வருஷத்தில் குறை உள்ள ஒரு பீஸைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இன்னும் கொஞ்சம் இருந்தாக் குடுங்க."

அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. என் வர்க்கியைப் பிரித்து ஒன்றை எடுத்து, தனக்குப் போட்ட காப்பியில் முழுசாக முக்கித் தின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காங்கயத்துக்கு அவர்கள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தேதி குறிக்க வந்தார்கள். நான் வீட்டில் காப்பித்தூள் வாங்கி வைத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் காப்பி போட்டேன். அது எப்படி இருந்தது என்று தெரியவில்லை, சம்பந்தியம்மா டம்ளரைக் காலி பண்ணிவிட்டார். அவரை நம்ப முடியாது.

கல்யாணம் முடிந்து மகள் இப்போது அந்த வீட்டிலிருந்துதான் ஆபீசுக்கு வந்துபோகிறாள். நான் போகும்போதெல்லாம் கச்சாயமும் டீயும் உண்டு. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அன்று நான் கண்ணை மூடி முதலில் ஏட்டை விழுங்கியதைப் பார்த்து, எனக்கு ஏடு என்றால் உயிர் என்று சம்பந்தியம்மா நினைத்துவிட்டார். இப்போது பாலைக் காய்ச்சி வைத்து, மேலே கட்டுகிற ஏட்டையெல்லாம் யாரையும் தொடவிடாமல் எனக்கென்று எடுத்துவைக்கிறார். டீயை ஊற்றி, அதன்மேல் கரண்டியால் மெதுவாகப் போட்டுக்கொண்டுவந்து கொடுக்கிறார். மகளுக்கு எல்லாம் தெரியும். அவளும் அத்தையிடம் இதுவரை சொல்லவில்லை. நான் டம்ளரை வாங்கியதும் அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முடித்துவிட்டு டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் இருக்குங்களா என்று கேட்பேன்.